மிதித்தவுடன் போகாத வண்டி

கள்ளிக்குப்பத்தில் உள்ள என் பட்டறைக்கு வருகிற கார்களின் குறையை, அவற்றின் உரிமையாளர்கள் சொல்லும் விதத்திலிருந்தே பாதி கண்டுபிடித்துவிடலாம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். சத்தம் வருகிறது என்பார்கள்; புகை வருகிறது என்பார்கள்; மேட்டில் இழுக்கவில்லை என்பார்கள். பாரிவாக்கத்திலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்திறங்கிய மனிதர் சொன்ன குறை வேறு மாதிரியானது. "மிதிச்சா உடனே போவ மாட்டேங்குது" என்றார். காரின் வேகத்தை முன்னிட்டுத் தொடங்கிய அந்த விவகாரம், அவருடைய வலது காலைப் பற்றிய விவகாரமாக மாறிற்று. தொடக்கம் முதல் நான் உடனிருந்தவன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவருக்கு என்னைத் தெரியவேண்டிய அவசியம் பிற்காலத்தில்தான் ஏற்பட்டது. அவர்கள் பாரிவாக்கத்தில் தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த குடும்பத்தினர். என் தந்தை அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். இவருடைய தந்தையை என் தந்தை, கூலியாட்கள் எசமானை அழைக்கும் முறையில், 'ஆண்டே' என்று அழைத்தார். நான் இவரை 'அண்ணாத்தே' என்று அழைத்தேன். முதன்முறை அப்படி அழைத்தபோது அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "இன்னா மேஸ்திரி" என்று பதில் கொடுத்தார். அந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

கடைசியாக எஞ்சிய நிலமும் அடுக்குமாடிக்குப் போன பிறகு, அவருடைய பங்காளிகள் உயரமான பெரிய கார்களை வாங்கினார்கள். இவர் மட்டும், யாரோ வைத்திருந்து விற்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போய்விட்டபடியால், ஆட்டோமேட்டிக் வண்டியாகவே தேடிப்பிடித்தார். தரையோடு தரையாகப் படுத்திருக்கிற கார் அது. எங்கள் பக்கத்து வேகத்தடைகளில் அதன் வயிறு உரசும். அவருடைய மனைவி அதில் ஏறும்போதெல்லாம், "கெணத்துல எறங்குற மாதிரி கீது. ஏறிக் குந்துற வயசுல எறங்கிக் குந்தணும்னு தலையில எழுதிக்கீது" என்பார். அவர் சிரித்துக்கொள்வார்.

பெண்களுக்குத் திருமணம் முடித்து அனுப்பியாயிற்று. உழுவதற்கு நிலமில்லை. காலையில் எழுந்தால் அவருக்கென்று காத்திருந்தது அந்தக் கார் ஒன்றுதான். வெயில் ஏறுவதற்கு முன்பு வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று போய்வருவார். "அந்த ரோட்ல ஒரு தபா போய்ட்டு வந்தாத்தான் மேஸ்திரி, அன்னிக்கு சோறு உள்ள எறங்குது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மிதித்தால் தாமதிக்கிறது என்ற குறையை நாங்கள் முறைப்படிதான் அணுகினோம். இக்காலத்துக் கார்களில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர்தான் எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைத் திறக்கும். அந்த வாயைத் திராட்டில் என்பார்கள். அதில் கரி படிந்திருந்தால் வண்டி சோம்பும். கழற்றினோம்; கரி இருந்தது; துடைத்து மாட்டினோம். ஏர் ஃபில்டரை மாற்றினோம். கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். பிறகு நானே ஆவடி வரை ஓட்டிப் பார்த்தேன். காலை வைத்ததும் வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. இனி இதில் குறை சொல்ல ஏதுமில்லை என்று நிம்மதியாகத் திரும்பினேன்.

சில நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். "அதே கதைதான். நான் மிதிக்கிறேன், அது யோசிக்குது. பொண்ணு பாக்கப் போன எடத்துல பதில் சொல்ற மாதிரி, அப்பால சொல்றேன்னுது."

என் பட்டறையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஆவடிக்காரர், வாய்த்துடுக்கு மிகுந்தவர், வேலையில் சுத்தம். அவர் ஸ்கேனரைச் செருகி, திரையில் இரண்டு கோடுகளை ஓடவிட்டார். ஒன்று கால் அழுத்தும் அளவு. மற்றது திராட்டில் திறக்கும் அளவு. முதற்கோடு ஏறினால் அடுத்த கோடு அதை ஒட்டியே ஏறியது. இறங்கினால் ஒட்டியே இறங்கியது. இடையில் தாமதம் என்று சொல்ல ஒரு மயிரிழையும் இல்லை.

"அண்ணாத்தே, இப்ப மிதி" என்றார் மெக்கானிக்.

"மிதிச்சிட்டேன்."

கோடு அசையாமல் படுத்திருந்தது. சற்றுப் பொறுத்து, திடீரென்று நெட்டுக்குத்தாக எழுந்தது. எஞ்சின் அலறியது.

"மிதிச்சிட்டேன்னு வாய்தான் சொல்லுது. கால் இன்னும் பாரிவாக்கத்துலயே கீது" என்றார் மெக்கானிக். "வண்டி ஷோக்கா கீது அண்ணாத்தே. நீ மிதிச்சாத்தான அது போவும்?"

"அடிங்கொய்யால! நான் மிதிக்கலியா? டிராக்டர் ஓட்டுன கால்றா இது!"

"டிராக்டர்னா ஏறி நின்னு மிதிச்சிருப்ப. இது பொண்டாட்டி மாதிரி, லேசா தொட்டாவே புரிஞ்சிக்கும்."

"உன் பொண்டாட்டியாண்ட சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். திரையில் நாங்கள் பார்த்தது ஒரு நோயின் அடையாளம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டறைக்கு வருகிற குறை வண்டிக்குள்தான் இருக்கும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன எண்ணம். வண்டி ஓட்டுகிறவரின் உடம்பைச் சோதிக்கும் வழக்கம் எந்தப் பட்டறையிலும் இல்லை.

அடுத்து அவர் வந்தபோது கையில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. கரையான்சாவடியில் கார் அலங்காரச் சாமான் விற்கும் கடையில் வாங்கியிருந்தார். ஆக்சிலரேட்டரின் சென்சாருக்கும் வயருக்கும் நடுவில் அதைச் சொருகிவிட்டால், கால் லேசாக அழுத்தியதைப் பெரிதாக அழுத்தியதாகக் கம்ப்யூட்டருக்கு அது அறிவிக்கும். எஞ்சினுக்குப் புதிய பலம் எதையும் அது தருவதில்லை. அவசரத்தை மட்டும் கூட்டிக் காட்டும். இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். "அது போதும் மேஸ்திரி, எனுக்கு அவசரந்தான் வேணும்" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி, என் நாற்காலியில் வந்து அமர்ந்தார். மெக்கானிக் அன்று விடுப்பில் இருந்தார். நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு, மல்லாந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காருக்குப் பூசை போட்ட நாள் முதல் அவர் அதில் செருப்போடு ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் புதிதாகக் கார் வாங்கியவர்களில் பலர் சில நாள் அப்படி இருப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அவர் மறக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுப் பின்னால் வைத்துவிட்டு, பாதங்களை ஒன்றோடொன்று தட்டித் தூசி போக்கி, வெறுங்காலோடு உள்ளே போவார். அதே கரையான்சாவடிக் கடையில் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் அலுமினியத் தகடு வாங்கிப் பொருத்தியிருந்தார். ஷூ அணிந்து ஓட்டுகிறவர்களுக்காகச் செய்யப்பட்ட தகடு அது. நடுநடுவே ரப்பர் குமிழ்கள் இருக்கும். ஆக்சிலரேட்டர் தகட்டின் குமிழ்கள் உதிர்ந்துபோய், அதைப் பிடித்திருந்த திருகாணி ஒன்றின் தலை உடைந்து, கூர்மையாக மேலே துருத்திக்கொண்டிருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் அந்தத் திருகாணியைச் சுற்றி அரக்கு நிறத்தில் ஏதோ காய்ந்திருப்பது தெரிந்தது. கிரீஸ் என்று எண்ணி விரலால் சுரண்டினேன். அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தகட்டின் துளைகளிலும் அதே பொருக்கு. கீழே மிதியடியின் கறுப்பு நிறத்தில் வெளியே தெரியாமல் ஈரமாக ஊறிக் கிடந்தது. அதன் நாற்றம் எட்டியபோது எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்து, "அண்ணாத்தே, காலக் காட்டு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சொம்மா காட்டு."

அவர் வலது காலை எதிரிலிருந்த டயரின் மீது தூக்கி வைத்தார். பெருவிரலுக்கு அடியில், பாதத்தின் மேடான பகுதியில், ஒரு பள்ளம். அதன் விளிம்பு வெளுத்திருந்தது, உள்ளே கறுத்திருந்தது. திருகாணியின் துண்டொன்று அதற்குள்ளேயே இருந்தது.

"வலிக்கலையா?"

"எது?"

அவர் நடிக்கவில்லை. நான் என் கட்டைவிரல் நகத்தால் அவருடைய விரல் நுனியை அழுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது தொடப்போகிறேன் என்று காத்திருக்கிற முகம் அது.

சர்க்கரை அவருக்குப் பல வருடங்களாக இருந்தது. "அது யாருக்குத்தான் இல்ல" என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். பாதத்தில் உணர்ச்சி எப்போது போயிற்று என்பது அவருக்கே தெரியாது. உணர்ச்சி போவதை உணர்வது எப்படி? கால் ஆக்சிலரேட்டரைத் தொட்டுவிட்டதா, இன்னும் அந்தரத்தில் நிற்கிறதா என்பது அவருக்குப் புலப்படவில்லை. மிதித்துவிட்டோம் என்று மனம் நினைத்தபோது கால் அதைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்ததும் முழு பலத்தோடு அழுத்தியது. தாமதம் வண்டியில் இல்லை, அவ்வளவு தூரம் கீழே, அவருடைய பாதத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை நான் பொருத்தவில்லை.

பூந்தமல்லியில் பார்த்த டாக்டர் புண்ணைப் பார்த்ததும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. பாதத்தின் முன்பாதியை எடுக்கவேண்டும் என்றார்கள். அதற்குள் சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தது. முடிவில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குச் சம்மதம் கேட்டபோது அவர் டாக்டரிடம் கேட்ட கேள்வி, "அப்பால வண்டி ஓட்டலாமா சார்?" என்பதுதான். வயதில் இளையவரான அந்த டாக்டர் மிகவும் பொறுமையாக, "இப்ப நாம இடது காலைப் பத்திப் பேசணும் ஐயா. அதுலயும் உணர்ச்சி ரொம்பக் கம்மியா இருக்கு. இனி வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாது. தினமும் பாதத்தை யாராவது பாக்கணும்" என்றார். அவர் கேட்டதற்கு விடை அதுவே என்பதைப் புரிந்துகொண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார் பார்ப்பது என்பது சிக்கலாயிற்று. அவருக்குக் குனிய முடியாது, முழங்கால் மடங்காது. மனைவிக்குக் கண்ணில் புரை. கண்ணாடியைத் தரையில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னார்கள். "கண்ணாடில எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது" என்று அவர் அதை ஓரமாக வைத்துவிட்டார். காரை அடிக்கடி ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதற்காக நான் பாரிவாக்கம் போய் எடுத்துவருவது வழக்கமாகியிருந்தது. அப்படிப் போகும்போதெல்லாம், அவருடைய மனைவி கேட்டுக்கொண்டபடி, அவரைக் கட்டிலில் உட்காரவைத்து இடது பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்துச் சொல்வேன்.

இது என் மகனுக்குப் பிடிக்கவில்லை. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கேட்டான்: "தாத்தா அவுங்க வாசல்ல செருப்பக் கழட்டிக் கையில வச்சிகினு நின்னாரு. நீ போயி அவுரு காலப் புடிச்சிகினு கீற. நமக்கு இது தேவையா நைனா?"

"காலப் புடிக்கலடா. பாக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"வண்டிக்குக் கீழ படுத்துப் பாக்குறனே, அப்ப வண்டியக் கும்புடுறன்னா அர்த்தம்?"

"வண்டி உன்ன வாசல்ல நிக்க வக்கல" என்றான்.

  அவன் சொன்னதில் பிழை இல்லை. முதன்முறை அந்தப் பாதத்தைக் கையில் எடுத்தபோது என் கைக்குள் ஏதோ ஒன்று மறுத்ததை நானும் அறிவேன். ஆயினும் பாரிவாக்கம் போவதை நான் நிறுத்தவில்லை. தெரிந்தவர்கள் வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை.

செயற்கைக் கால் பழகிய பிறகு, அவர் என்னோடு காரில் வரத் தொடங்கினார். ஓட்டுவது நான், அவர் பக்கத்து இருக்கையில். தொடக்கத்தில் பூந்தமல்லி வரை, பிறகு வெளிவட்டச் சாலை. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாகத் திருப்பிவைப்பார். பேச்சு அதிகம் இராது. லாரி எதையாவது நான் பின்தொடர்ந்தால், "இன்னா மேஸ்திரி, அவனுக்குப் பாதுகாப்பு போறியா?" என்பார். முந்திச் சென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு வெள்ளை லாரியை முந்தியபோது அவருடைய செயற்கைக் கால், மிதிக்க ஏதுமற்ற அந்தப் பக்கத்துத் தரையை அழுத்துவதைக் கண்டேன். 

டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தென்ற செருப்பை வீட்டில் ஒழுங்காகப் போட்டிருந்தார். காருக்குள் மட்டும் அதோடு ஏற மறுத்தார். "பூச போட்ட வண்டி" என்றார். நான் வற்புறுத்தினேன், அவருடைய மனைவி அழுதார். முடிவில் சம்மதித்தார். செருப்போடு ஏறி உட்காருவார். ஆனால் வண்டி தெருமுனை திரும்பியதும், செயற்கைக் காலின் விளிம்பால் இடது செருப்பை நெம்பிக் கழற்றி, இருக்கைக்கடியில் தள்ளிவிட்டிருக்கிறார். வீடு வந்ததும் இறங்குமுன் மறுபடி நுழைத்துக்கொள்வார். தாழ்ந்த காரின் உள்ளே இருட்டில் கிடந்த அந்தக் காலை, சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

கோடையில் ஒரு நாள், வெளிவட்டச் சாலையில் நீண்ட தூரம் போய்த் திரும்பினோம். அவரைக் கட்டிலில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். குதிகாலிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு கொப்புளம், உள்ளங்கை அகலத்தில். ஒரு பக்கம் உடைந்து தோல் செருப்போடு ஒட்டி வந்தது. அடியில் சிவந்த சதை.

"இன்னா கீது?" என்றார். வழக்கமாக நான் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போவேன். அன்று நான் உள்பக்கம் பார்த்துச் சுத்தமான துணி கேட்டதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லு மேஸ்திரி."

நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "இன்னாச்சு? இன்னாச்சு?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.  கட்டிலில் இருந்தவர் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம். கார் வேணாம். ஆட்டோவக் கூப்டு" என்றார். காரில் போனால் விரைவில் போகலாம் என்றேன். "வேணாம்னு சொல்றேன்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவருடைய தந்தையின் குரலைக் கேட்டேன்.

சுத்தமான துணியைக் காலில் சுற்றி, அவரை ஆட்டோவில் ஏற்றி, பாதம் எதன் மீதும் படாதபடி என் மடியில் வைத்துக்கொண்டேன். மனைவி மறுபுறம் நெருக்கி உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லி நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. வெயில் இருபக்கமும் அடித்தது. கரையான்சாவடி வந்தது.

"எதனால ஆச்சு?" என்றார் அவர்.

"சூட்டுல. கீழ சைலன்சர் பைப்பு போவுது. தாழ்ந்த வண்டி, தரையில மெத்தையும் ஜாஸ்தி இல்ல. ரொம்ப நேரம் ஓட்னா அந்தப் பக்கத்துத் தகடு கொதிக்கும். வெறுங்கால அதுமேல வச்சிருந்திருக்க."

"கொதிச்சிதா?"

"ஆமா அண்ணாத்தே."

அவர் தன் பாதத்தைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அது நனையத் தொடங்கியிருந்தது.

"எனுக்கு மூஞ்சில ஏசி காத்து ஜில்லுனு அட்ச்சிகினு இருந்துது மேஸ்திரி" என்றார். "அதான் தெரிஞ்சுது."